நாடுகடத்தலும் எழுத்துரிமையும்: 'சுதேசாபிமானி' இராமகிருஷ்ண பிள்ளை வழக்கு ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அகத்தியமலை அடிவாரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டப் பகுதி போனக்காடு. அம்மலையின் மேற்குச் சரிவில் நெய்யாறும் கிழக்குச் சரிவில் தாமிரபரணியும் பிறக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைத்தொடர் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் இடையே எல்லையாக விளங்கியது. நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த இதழாசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை, 1910இல் இவ்வெல்லை கடத்தித் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். தனிமனிதனின் பேச்சை அரசதிகாரம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்னும் வினாவை இந்நிகழ்ச்சியின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழும் அச்சகமும்

வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் 'சுதேசாபிமானி' இதழைத் தொடங்கினார். அது முதலில் வெளிவந்த ஊர் அஞ்சுதெங்கு. திருவிதாங்கூர் நிலத்தால் சூழப்பட்டிருந்தும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கடற்கரை ஊர் அது. 1906இல் இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். மறு ஆண்டு இதழ் திருவனந்தபுரத்திற்கு இடம்பெயர்ந்தது. அச்சகமும் முதலும் மௌலவியுடையவை; எழுத்து முழுவதும் பிள்ளையின் பொறுப்பு. ஆசிரியர் எழுதியவற்றில் உரிமையாளர் தலையிடவில்லை. திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியையும் அரண்மனைச் சூழலில் நிலவிய ஊழலையும் இதழ் கடுமையாகச் சாடியது.

1910 செப்டம்பர் 26ஆம் நாள் மன்னர் மூலம் திருநாளின் பிரகடனத்தின்படி இதழ் தடைசெய்யப்பட்டது, அச்சகம் பறிமுதலாயிற்று, ஆசிரியர் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு ஆகிய எவையும் இல்லை. பின்னர் அவர் சென்னையிலும் மலபாரிலும் வாழ்ந்து, 1916இல் கண்ணூரில் மறைந்தார்.

எல்லைகளும் உரிமையும்

அவர் கொண்டுசெல்லப்பட்ட திருநெல்வேலியில்தான் ஈராண்டுகளுக்கு முன், 1908இல், வ.உ.சிதம்பரனார் அரச நிந்தனைக் குற்றத்திற்காகக் கொடுந்தண்டனை பெற்றார். அதே ஆண்டில் பாரதியின் 'இந்தியா' இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. ஆங்கிலேயருக்கு அஞ்சியவர் பிரெஞ்சு மண்ணை நாடினார். மன்னரால் விலக்கப்பட்டவர் ஆங்கிலேயர் மண்ணில் விடப்பட்டார். அக்காலத்தில் பேச்சுரிமை குடிமகனிடம் இருந்த உடைமையன்று. இரண்டு அரசுகளின் எல்லைகளுக்கு இடையே கிடைத்த இடைவெளியே எனலாம். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வ.உ.சி.க்கு விசாரணையும் மேல்முறையீடும் இருந்தன. உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. பிள்ளைக்கு முறையிட இடமே இல்லை.

தனிமனித விடுதலைக் கோட்பாடு

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட நூலில், பிறர்க்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மீது அதிகாரத்தைச் செலுத்தலாம் என்று வரையறுத்தார். அவர் வழிவந்த விடுதலைவாதிகள் பலர், உடைமையுரிமையையும் பேச்சுரிமையையும் பிரித்துக் காண்பதில்லை. அச்சகம் அரசின் கையில் இருக்குமாயின் எழுத்தும் அதன் கையிலேயே இருக்கும் என்பது அவர்தம் வாதம். 1910ஆம் ஆண்டு ஆணை இதற்குத் தக்க சான்றாகும். எழுதியவர் ஒருவர், உடைமை இழந்தவர் மற்றொருவர். ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியில் நெடுங்காலம் பணியாற்றிய மில், தாம் வகுத்த நெறியை இந்தியர் போன்ற மக்களுக்கு விரிக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

மறுபக்கம்

இவ்வழக்கைத் தியாக வரலாறாக மட்டும் காண்பது முழுமையாகாது. புலையர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்குமாறு திவானின் அரசு 1910இல் ஆணையிட்டபோது, அதை எதிர்த்து எழுதியவர் இதே பிள்ளை. தலைமுறைகளாக அறிவை வளர்த்தோரின் குழந்தைகளையும் நிலத்தை உழுதோரின் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்தலாகாது என்பது அவர் கருத்து. பள்ளிக் கதவைத் திறக்க அய்யன்காளி போராடிய காலம் அது.

எனவே ஒரே ஆண்டில், ஒரே அரசின் அதிகாரம் ஒருபுறம் பள்ளியைத் திறந்தது. மறுபுறம் அச்சகத்தைப் பூட்டியது. அரசு விலகி நின்றால் விடுதலை தானே மலரும் என்னும் கூற்று இங்கு நிலைபெறவில்லை. சாதிச் சமூகத்தில் தனிமனிதனை ஒடுக்குவது அரசு மட்டுமன்று. அதேவேளையில், பள்ளியைத் திறந்த நன்மை அச்சகத்தைப் பூட்டியதற்கு நியாயமும் ஆகாது. பிள்ளையின் தவறான கருத்துக்கு உரிய விடை அய்யன்காளியின் போராட்டமே. மன்னரின் பிரகடனம் அன்று. மேலும், அப்பிரகடனம் தண்டித்தது அரசைச் சாடிய எழுத்தையே.

முடிவுரை

திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சியில் 1938இல் 'மலையாள மனோரமா' இதழும் மூடப்பட்டது. 1950இல் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு பேச்சுரிமையோடு நாட்டின் எப்பகுதியிலும் வாழும் உரிமையையும் அளித்தது. அவ்வாண்டே, 'கிராஸ்ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்தில் நுழைய விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1951இல் முதல் திருத்தம் கட்டுப்பாடுகளை விரிவாக்கியது. கேரளக் காவல் சட்டத்தின் 118(ஈ) பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கிற்று. 2020இல் அவசரச் சட்டத்தின் வழி வந்த 118அ பிரிவு, எதிர்ப்பின் விளைவாகச் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது.

பிரகடனத்தின் இடத்தில் இன்று சட்டம் நிற்கிறது. சட்டத்தை வினவ நீதிமன்றம் நிற்கிறது. நாம் உடன்படாத கருத்தை உடையவர்க்கும் இக்காப்பு உண்டா என்பதே எழுத்துரிமைக்கு உரைகல். இராமகிருஷ்ண பிள்ளையின் வழக்கு அவ்வுரைகல்லில் உரசிப் பார்க்கத்தக்கது என்பது இவ்வாய்வின் முடிபாகும்.