வில்லும் குழலும் தோட்டாவும்

நொச்சிக்குப்பத்துக் கரையில் மாலை வேளைகளில் கூடிப் பேசுவது எங்கள் நண்பர் குழுவுக்குச் சில ஆண்டுகளாகவே வழக்கம். வலை சீர்செய்வோரின் பேச்சுக்கு நடுவே எங்கள் இலக்கியப் பேச்சும் நடக்கும். சென்ற மாதம் ஒருநாள் வ.வே.சு. ஐயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் தம் படகின் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றை இழுத்துக் கிளப்பும் பகுதியில் உள்ள சுருள்வில் அறுந்துபோக, வேறோர் இயந்திரத்திலிருந்து தடித்த வில் ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார். இப்போது கயிறு பாதிகூட வெளியே வரவில்லை. "பெலமான ஸ்பிரிங்கு போட்டா நல்லதுன்னு நெனச்சேன் சார். அது அதுக்குன்னு அளவு வச்சிதான் செஞ்சிருக்கான்" என்றார்.

ஐயர் என்றதும் நம் வாசகர்களுக்கு 'குளத்தங்கரை அரசமரம்' நினைவுக்கு வரும். வரலாற்று நூல்களைப் புரட்டியவர்களுக்கோ புதுச்சேரியும், அங்கே அவர் வாஞ்சிநாதனுக்கு அளித்த துப்பாக்கிப் பயிற்சியும் நினைவுக்கு வரும். பெரியவரின் சொல்லைக் கேட்ட நண்பர் ஒருவர், "பயிற்சியிலேயே தோட்டா தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கையால் செய்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். ஆஷ் கொலையைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கருவியைத் திறந்து பார்க்க நாம் ஏனோ மெனக்கெடுவதில்லை.

மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைக் கொன்றது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்கரின் வடிவமைப்பை, லியேஜ் நகருக்கு அருகிலுள்ள ஹெர்ஸ்டால் தொழிற்சாலை பெருந்தொகையில் செய்து உலகெங்கும் விற்றது. 1900ஆம் ஆண்டு மாதிரி என அறியப்படும் வகை மட்டுமே 7 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. உள்ளே ஏழு தோட்டாக்கள்.

இதை அரைத் தானியங்கி என்பார்கள். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். ஆனால் அடுத்த தோட்டாவை அது தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வேலையைச் செய்யும் ஆற்றல் தோட்டாவிலிருந்தே வருகிறது. மருந்து எரிந்து எழும் வாயு, ஈயத்தை முன்னே தள்ளும்போதே வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. மேலுள்ள எஃகுச் சட்டம் பின்னோக்கி ஓடிக் கூட்டை வெளியே எறிகிறது. அவ்வோட்டத்தில் அமுங்கிய சுருள்வில் மீண்டும் விரிந்து சட்டத்தை முன்னே கொணர, புதிய தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. 1900ஆம் ஆண்டு மாதிரியில் இந்த ஒரே வில்தான் தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசிக்கும் விசை தந்தது. பிரௌனிங்கின் சிக்கனம் அப்படி!

நொச்சிக்குப்பத்துப் பெரியவரின் சொல் இங்கேதான் பொருந்துகிறது. மருந்து குறைந்தால் சட்டம் முழுதும் பின்வாங்காது. அடுத்த தோட்டா ஏறாமல் நடுவழியில் சிக்கும். கூடினால் சட்டம் ஓங்கி மோதி உறுப்புகள் தேயும், விரிசல் காணும். குழலின் பின்பகுதி தோட்டாவின் அளவுக்கேற்பக் கடையப்பட்டது. கூடு சற்றுப் பருத்தாலும் உள்ளே போகாது. வேறு நாடுகளில் தம் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் விளையாட்டு வீரர்கள், அதற்கேற்பக் குழலையும் வில்லையும் மாற்றிக்கொள்வது இதனால்தான். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கணக்குக் கேட்கும். சுழல்துப்பாக்கி இவ்வளவு கண்டிப்பானதன்று. அதன் உருளையைச் சுழற்றுவது சுடுபவரின் விரல். தோட்டா சோப்ளாங்கியாக இருந்தாலும் உருளை அடுத்ததற்கு நகர்ந்துவிடும்.

நூறாண்டு பின்னே சென்றால் நிலைமை வேறு. பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டா என்ற தனிப்பொருளே கிடையாது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் இடித்த மருந்து, அச்சில் வார்த்த ஈயக்குண்டு, ஒரு திரி. குழல்வாய் வழியே திணித்துக் கிட்டித்தால் முடிந்தது. சுடுபவன் ஒவ்வொருவனும் தன் குண்டைத் தானே நிரப்பியவன். கும்பினியார் 1801இல் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தபோது அழித்தது அந்தக் கைத்திறனையும்தான். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமில்லாத இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதையே குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது. இதற்கிடையே 1884இல் பிரான்சில் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். பழைய கருமருந்து குழலையும் நுண்ணிய உறுப்புகளையும் கரியால் அடைத்துவிடும். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைப் புகையில்லா மருந்துதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதைச் செய்ய வேதியியல் ஆலை வேண்டும். பித்தளைக் கூட்டை அச்சுப்பிசகாமல் இழுக்க எந்திரம் வேண்டும். உரலும் உலக்கையும் போதாது.

ஆகவே புரட்சிக் குழுக்கள் துப்பாக்கியோடு தோட்டாவையும் கடத்தவேண்டியிருந்தது. 1909இல் சாவர்க்கர் லண்டனிலிருந்து சதுர்புஜ் அமீன் வழியாக 20 பிரௌனிங்குகளை இந்தியாவுக்கு அனுப்பினார். பெட்டியின் பொய்யான அடித்தட்டுக்குள் அவை வந்தன. அவற்றுள் ஒன்றே 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனை வீழ்த்தியது. கல்கத்தாவில் 1914 ஆகஸ்ட் 26 அன்று ராடா கம்பெனியின் சரக்கிலிருந்து 50 மௌசர் துப்பாக்கிகள் களவாடப்பட்டதை எல்லோரும் சொல்வார்கள். அவற்றோடு போன தோட்டாக்கள் 46,000 என்பதே எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. வங்காளத்தில் வெடிகுண்டை வீட்டுக்குள் செய்ய முடிந்தது. தோட்டாவைத் திருடத்தான் முடிந்தது.

தமிழகத்துக்குப் புதுச்சேரி என்ற வாசல் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிப்பகுதியாதலால் 1878ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே செல்லாது. சாவர்க்கரோடு லண்டன் இந்தியா விடுதியில் இருந்த ஐயர் 1910இல் அங்கே வந்து சேர்ந்தார். பயிற்சியில் செலவாகும் ஒவ்வொரு தோட்டாவும் கடல் கடந்து வந்தது, கையால் ஈடுசெய்ய முடியாதது. நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். பாரீஸிலோ லியேஜிலோ ஒரு கை உதவாவிட்டால் வாஞ்சியின் கையிலிருந்தது வெறும் இரும்பு.

இதில் உறுத்தும் ஒன்று உண்டு. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்கும் பங்குண்டு என்ற சினம் அக்கொலையின் பின்னணிகளில் ஒன்று. சுதேசியத்துக்காகப் பழிவாங்கிய கருவி முழு விதேசி. வ.உ.சி.யின் கப்பல்களும் ஐரோப்பாவில் வாங்கப்பட்டவைதாம். ஆனால் கப்பலை ஓட்டவும் பழுதுபார்க்கவும் இங்கே ஆட்களைப் பழக்கலாம். வணிகம் நடந்தால் கம்பெனி வளரும். துப்பாக்கிக்கு அப்படி ஒரு நாளை இல்லை. ஏழு தோட்டாவோடு அதன் கணக்கு முடிந்தது. வாஞ்சி ஆஷை அவர் மனைவியின் கண்ணெதிரே சுட்டு, அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் சனாதனப் பேச்சை இன்று படிக்கையில் நமக்குக் கூச்சம் வருகிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவோரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 14 பேர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. முதல் குற்றவாளியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை.

ஐயர் அதன்பின் துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிச் சென்ற பிறகு, புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு நெருக்கடி முற்றியது. எந்நேரமும் நாடு கடத்தப்படலாம் என்ற அச்சத்துக்கிடையில்தான் அவர் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வள்ளுவர் மயிலாப்பூரில் பிறந்தவர் என்பது மரபு. நாங்கள் உட்கார்ந்திருந்த மணலிலிருந்து அந்தக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.

ஹெர்ஸ்டாலின் 7.65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு இன்னும் வாழ்வு முடியவில்லை. படைத்துறை அளவுத் தோட்டாக்கள் நம் நாட்டில் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டிருப்பதால், உரிமம் பெற்றவருக்காக இச்சாபூர்த் தொழிற்சாலை செய்த கைத்துப்பாக்கி இத்தோட்டாவுக்கே வடிவமைக்கப்பட்டது. அங்குலக் கணக்கில் அதை .32 என்பார்கள். தோட்டா புனேயை அடுத்த கட்கியில் உருவாகிறது.