மான் எது, ஆடு எது?

பவானிசாகர் அணையில் நீர் வற்றும் மாதங்களில், கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் வழியாக அங்கே போகிறவர்கள் கரைப்புல்லில் மேயும் வெளிமான் கூட்டத்தைப் பார்க்கலாம். வளர்ந்த கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு திருகு. திருகுமான் என்ற பெயரும் அதனால்தான். அடர்காட்டை ஒதுக்கி வெட்டவெளியில் வாழ்வதால் வெளிமான்.

பெயரில் மான் இருந்தாலும் இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. மானின் கொம்பு கிளைவிடும். விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைப்பதுமில்லை, விழுவதுமில்லை. ஆடுமாடுகளோடு சேர்ந்த குடும்பம் அது. 1758இல் லின்னேயஸ் அதை ‘காப்ரா செர்விகாப்ரா’ என்று ஆட்டினத்திலேயே சேர்த்தார். இரண்டாம் சொல்லுக்கு மானாடு என்று பொருள்.

சத்தி மலையில் நாய் போலக் குரைக்கும் கேளையாட்டின் கதை நேர்மாறு. கொம்பு உதிர்க்கும் அசல் மான் அது. ஊர் வைத்த பெயரோ ஆடு.

பழந்தமிழ் இதைவிட நுட்பமாகப் பிரித்தது. தொல்காப்பிய மரபியல் புல்வாயின் ஆணை இரலை, கலை என்கிறது. உழையின் ஆணுக்கும் கலை என்ற பெயர் பொருந்தும் என்கிறது. புல்வாய் வெளிமான், உழை புள்ளிமான் என்பது பலர் கொள்ளும் பொருள். இரண்டுக்கும் பொதுவான அந்தக் ‘கலை’தான் இன்றைய குழப்பத்துக்கு வேர். ஒரு புத்தகத்தில் கலைமான் என்றால் வெளிமான். கிறிஸ்துமஸ் கதையிலோ தாத்தாவின் பனிவண்டியை இழுக்கும் துருவத்து மான். பாடநூல்கள் வெளிமான் என்றே எழுதினால் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

கடமானுக்கு வேறு சிக்கல். கொங்கில் கடமான், நெல்லை குமரிப் பக்கம் மிளா, ஈழத்தில் மரை. அறிவியலுக்கு மூன்றும் ‘ரூசா யூனிகலர்’. 1792இல் ராபர்ட் கெர் அந்தப் பெயரைச் சூட்டியது இலங்கை விலங்குக்கு. இந்தியக் கடமானை ‘நைகர்’ என்ற தனித் துணையினமாகப் பிரிப்பவர்களும் உண்டு, இரண்டையும் ஒன்றாகவே வைப்பவர்களும் உண்டு. கடமான், மரை என்ற பேச்சுவழக்கை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இந்தியக் கரையிலேயே அதற்கு இரண்டு பெயர் இருக்கிறதே!

சருகுமானில் பிரிவினை நடந்தேவிட்டது. முயலளவே இருக்கும், கொம்பே இல்லாத இது மானுமல்ல, ஆடுமல்ல, தனிக் குடும்பம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒரே இனம் என்று நெடுநாள் எண்ணி, ‘மீமின்னா’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்த ‘மெமின்னா’வையே இரண்டுக்கும் வழங்கினார்கள். 2005இல் குரோவ்ஸும் மெயார்டும் இலங்கைக்கு இரண்டு இனம், இந்தியாவுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். பழைய நூல்களில் மேற்கு மலைச் சருகுமானை ‘மெமின்னா’ என்று படிப்பவர்கள் இனி ‘இண்டிகா’ என்று திருத்திக்கொள்ள வேண்டும்.