நாகப்பட்டினம் வரைந்த பழைய கோடு

நாகூர் சில்லடிக் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் 2004 ஞாபகம் வரும். கூடவே 1881-ம் வரும். அதைப் பற்றி யாரும் அவ்வளவா பேசுறதில்லை.

1881 டிசம்பர் 31. கார் நிக்கோபார் பக்கம் பெரிய நிலநடுக்கம். அதில் கிளம்பிய சிறு சுனாமியை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த எட்டு ஓதமானிகள் காகிதத்தில் கோடாக வரைந்துவிட்டன. கடல்மட்டம் ஏறி இறங்குவதை அளக்கும் கருவிதான் ஓதமானி. எட்டில் ஒன்று பக்கத்து நாகப்பட்டினத்தில் இருந்தது.

ஒர்டிஸ், பில்ஹம் என்ற இருவர் 2003-இல் அந்தக் கோடுகளை எடுத்தார்கள். கடலடி எப்படி நழுவியிருந்தால் இப்படி அலை வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒப்பிட்டார்கள். விடை கிடைத்தது: 7.9 அளவு. 122 வருஷம் கழித்து!

2004 டிசம்பர் 26-இல் நமக்கு இருந்தது சுமார் இரண்டு மணி நேரம். ஆறரைக்குச் சற்று முன் சுமத்ரா அதிர்ந்தது. பசிபிக் எச்சரிக்கை மையம் முதலில் 8.0 என்றே கணித்தது, உண்மையில் 9.1. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை மையமே கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

2007-இல் ஹைதராபாத் இன்காய்ஸில் மையம் வந்தது. நிலம் அதிர்ந்த பிறகு அலையை முதலிலிருந்து கணக்கிட நேரம் போதாது. அதனால் எங்கே, எவ்வளவு அதிர்ந்தால் அலை எப்படி வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதிர்ந்ததும் அதற்கு நெருங்கியதைத் தேடி எடுக்கிறார்கள்.

தேடல் எவ்வளவு வேகமாகலாம்? நாகூர் ஹனிபா பாட்டில் சில நொடி ஒலித்தாலே போன் எந்தப் பாட்டுன்னு சொல்லிடுதே, அதே யோசனையை 2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நில அதிர்வுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு துண்டையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடாமல், துண்டுக்கொரு 'கைரேகை' எடுத்து, ஒத்த ரேகைகளை ஒரே பெட்டியில் போட்டார்கள். பெட்டிக்குள் மட்டும் தேடினால் போதும். ஒரு வாரப் பதிவை அலச பழைய முறைக்கு 9 நாள் 13 மணி நேரம். இதற்கு 1 மணி 36 நிமிடம். சில பொய்ப் பொருத்தங்களும் வந்தன.

ஒத்துப்போவது மட்டும் போதாது என்று 2012 ஏப்ரல் 11 காட்டியது. சுமத்ரா அருகே 8.6, கரையோர மக்கள் ஓடினார்கள். ஆனால் தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. அதைக் கடலில் இருந்த கருவிகள்தான் உறுதிசெய்தன.

வேகமான தேடல் நேரத்தை வாங்கித் தரும். கடைசி வார்த்தை, 1881 மாதிரியே, கடல் வரையும் கோட்டுக்குத்தான்.