தொட்டிக்கு வந்த ஊசியிலை மரம்

ஊசியிலை மரம் என்றாலே பலருக்கு இமயமலையும் பனியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டோடு இதற்குள்ள உறவு மிகப் பழையது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு கல்மரம் கிடக்கிறது. 1940ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊசியிலை மரம் அது!

இன்று வீட்டுத் தொட்டியில் "கிறிஸ்துமஸ் மரம்" என்று வளர்வது வேறு கதை. அது கடல் கடந்து வந்தது. 1774ல் கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்தில் நியூ கலிடோனியாவையும் நார்ஃபோக் தீவையும் பார்த்தார். இரண்டிலும் கோபுரம் போல நிமிர்ந்த அரக்கேரியா மரங்கள் நின்றன. நியூ கலிடோனியா அருகே ஒரு தீவுக்கு "பைன் தீவு" என்றே பெயர் வைத்தார். உண்மையில் அவை பைன் அல்ல, ஊசியிலை இனத்தில் வேறொரு குடும்பம்.

அந்தக் காலத்தில் கப்பலில் நாற்று கொண்டுபோனால் உப்புக்காற்றில் பாதிக்கு மேல் செத்துவிடும். லண்டன் மருத்துவர் வார்டு செய்த கண்ணாடிப் பெட்டி இதை மாற்றியது. 1833ல் அதில் வைத்த செடிகள் சிட்னி வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1848ல் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க மெக்ஐவர் வந்தார். வெளிநாட்டு ஊசியிலை மரங்கள் நீலகிரியில் வேரூன்றின. கொடைக்கானல் பைன் காடு 1906ல் பிரயண்ட் என்ற அதிகாரி தொடங்கியது. பின்னாளில் இப்படி நட்ட மரங்களால் மலைப் புல்வெளிகள் சுருங்கின என்பதையும் மறக்கக் கூடாது.

பாப்பிரெட்டிப்பட்டிக்குத் தென்மேற்கே சேர்வராயன் மலை. ஏற்காடு போய் வருபவர்கள் ஆசையாக ஒரு நாற்று வாங்கி வருவதுண்டு. பைன் நாற்று என்றால் கீழே வந்ததும் வாடிவிடும். வெயில் மட்டும் காரணமல்ல. பைன் வேரோடு ஒரு தனிவகைப் பூஞ்சை சேர்ந்து வாழ வேண்டும். பியூர்ட்டோ ரிக்கோ தீவில் பலமுறை தோற்ற பைன் நாற்றுகள், 1950களில் பூஞ்சையுள்ள மண்ணைக் கலந்த பிறகுதான் பிழைத்தன. அரக்கேரியாவுக்குத் துணையாகும் பூஞ்சை வேறு வகை. அது சாதாரணத் தோட்ட மண்ணிலேயே இருக்கும். அதனால்தான் சமவெளியிலும் அது தாக்குப்பிடிக்கிறது.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

* தண்ணீர் தேங்கக் கூடாது. மணல் கலந்த மண் நல்லது.
* சித்திரை வெயிலில் இளஞ்செடிக்கு நிழல் வேண்டும்.
* நுனிக் குருத்தை ஒடிக்கக் கூடாது. ஒடிந்தால் அந்தக் கோபுர வடிவம் கெடும்.
* பக்கக் கிளையை வெட்டி நட்டால் செடி நிமிராது, படுத்தவாறே வளரும்.

செடி சாய்ந்தால் பயப்பட வேண்டாம். நியூ கலிடோனியா வகை பூமத்திய ரேகைப் பக்கமே சாயும் என்று 2017ல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படியானால் நம் ஊரில் அது தெற்கே சாயும்!

தன் தீவில் இந்த மரம் 60 மீட்டர் வரை உயரும். தொட்டியில் சில ஆண்டுகள்தான் அடங்கியிருக்கும். எனவே நாற்று வாங்கும்போதே, பின்னால் அதை நடப்போகும் இடத்தையும் பார்த்து வைப்பதுதான் அந்த மரத்துக்குச் செய்யும் நியாயம்.