தருமபுரியிலிருந்து மக்கா: தொலைவும் காலமும்

தருமபுரிக்கும் புனித மக்காவுக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். இத்தகைய கணக்கு முஸ்லிம் அறிவுலகிற்குப் புதியதன்று. கஸ்னாவிலிருந்து கிப்லாவின் திசையைத் துல்லியமாக அறிய முனைந்த அல்பிரூனி, நகரங்களின் அட்சரேகைகளையும் வழித்தொலைவுகளையும் திரட்டி, கோள முக்கோணவியலின் துணையால் அதனைக் கணித்தார். அவருடைய 'தஹ்தீத்' எனும் நூல் ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025) நிறைவுற்றது. அக்கணிதத்தைத் தருமபுரிக்குப் பொருத்தினால், கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 19 பாகை வடக்கே அமைவதைக் காண்கிறோம்.

தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே. பயணக் காலமோ பெரிதும் மாறிவிட்டது. பாராமகால் பகுதியின் ஹாஜிகள் மாட்டு வண்டியில் மொரப்பூர் இரயில் நிலையம் சேர்ந்த காலம் உண்டு. 1906இல் தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே குறுகிய இருப்புப்பாதை வந்தது. பின்னர் இரயிலில் பம்பாய், அங்கிருந்து கப்பலில் ஜித்தா. 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில் நோய்த்தடுப்புக்காகப் பல நாட்கள் தங்கவும் வேண்டியிருந்தது. போய்த் திரும்பப் பல மாதங்கள் ஆயின. இந்திய ஹாஜிகளின் விமானப் பயணம் 1954இல் பம்பாயிலிருந்து தொடங்கிற்று; கப்பல் பயணம் 1995உடன் முடிவுற்றது. இன்று சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேர் விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். தருமபுரியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் சாலைவழியே சென்னை விமான நிலையத்தை அடையவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகிறது!

இவ்விரைவு மார்க்கச் சட்டத்தை மாற்றிவிட்டதா? தொழுகையைச் சுருக்குவதற்குரிய பயணத்தை ஹனஃபி சட்ட அறிஞர்கள் மூன்று நாள் நடைத்தொலைவாக வகுத்தனர். பிற்கால அறிஞர் பலர் அதனை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டனர். அத்தொலைவை ஒரு மணி நேரத்தில் கடப்பவரும் பயணியே. ஏனெனில் அளவுகோல் நடுத்தர நடையே. ஊர்தியின் வேகம் அன்று.

இஹ்ராமில் இவ்விரைவு கூடுதல் விழிப்பைக் கோருகிறது. கப்பலில் சென்றோர் யலம்லமுக்கு நேரே வரும்போது நிதானமாக இஹ்ராம் அணிந்தனர். விமானமோ மீக்காத் எல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஆகவேதான் நம் ஹாஜிகள் பலர் சென்னையிலேயே இஹ்ராம் உடையை அணிந்துகொண்டு, எல்லை நெருங்கும்போது நிய்யத்தும் தல்பியாவும் கூறுகின்றனர்.

முன்னோர் கடனைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி, உற்றாரிடம் பிழை பொறுக்க வேண்டி விடைபெற்றனர். திரும்புவது உறுதியில்லாத நெடும்பயணம் அதற்கு ஒரு காரணம். பிறருக்குரியதைச் சுமந்தபடி இறையில்லம் செல்லலாகாது என்ற உணர்வு மற்றொன்று. முதற்காரணத்தை விமானம் பெருமளவு நீக்கிவிட்டது. இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது. பயணம் ஆறு மணி நேரமாகச் சுருங்கிய இக்காலத்தில், புறப்படுமுன் செய்யும் இவ்வாயத்தத்தை நாம் சுருக்கிக்கொள்ளலாகாது.