வேளைக்காரரும் என் மருமகனும்

போன கிழமை அக்காவிடமிருந்து ரெலிபோன் வந்தது. குரல் சரியில்லை. "உவன் பொடிகார்ட் வேலைக்குப் போகப்போறானாம். நீ ஒருக்கா வந்து கதை. குண்டுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது, இஞ்ச இன்னொருத்தனுக்கு முன்னால நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிக்கவோ?" என்றா.

அக்கா இருப்பது றிச்மண்ட் ஹில்லில், பேவியூ வீதிப் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட. மருமகனை வீட்டில் வைத்துக் கதைத்தால் சண்டைதான் வரும் என்று யங் வீதியில் இருக்கும் ரிம் ஹோர்ட்டன்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தி சொல்லத்தான் போனேன். நடந்தது வேறு.

முதலில் என் கதை. கனடாவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலையே செக்கியூரிட்டிதான். 1991ஆம் ஆண்டு. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் கார் தரிப்பிடத்தில் இரவுக் காவல். பயிற்சி என்று ஒன்றும் இல்லை. ஒரு தொப்பி, ஒரு ரோர்ச் லைற், என்னைவிட இரண்டு சைஸ் பெரிய ஜக்கெற். யாராவது கள்ளன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பொலிசுக்கு அடி" என்றான் மேற்பார்வையாளன். ரெலிபோன் எங்கே என்று அவன் சொல்லவில்லை.

இப்போது அப்படி இல்லை. 1999இல் ஸ்காபரோவில் பற்றிக் ஷான்ட் என்பவரை ஒரு கடைக்கு வெளியே கடை ஊழியர்களும் காவலர்களும் பிடித்து அமுக்கியதில் அவர் இறந்துபோனார். 2004இல் நடந்த மரண விசாரணையில் காவலர்களுக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2005இல் ஒன்ராறியோ புதிய சட்டம் கொண்டுவந்தது. அது 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2010இலிருந்து 40 மணித்தியாலப் பயிற்சியும் சோதனையும் கட்டாயம். மெய்க்காவலருக்கும் இதே லைசென்ஸ்தான். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், இங்கே வேலை செய்ய உரிமை இருக்க வேண்டும், குற்றப் பதிவு இருக்கக்கூடாது. படத்தில் வருகிற மாதிரி இடுப்பில் துவக்கு இருக்காது. சட்டப்படி அவனுக்கு உள்ள அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் உள்ளதை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணும் காலும் வாயும்தான் ஆயுதம்.

இதையெல்லாம் மருமகன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். பிறகு கேட்டான்: "மாமா, எங்கட ஆக்களில ஆரும் முந்தி இந்த வேலை செய்திருக்கினமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் வாசித்தவர்களுக்கு வேளைக்காரப் படையையும் ஆபத்துதவிகளையும் தெரியாமல் இராது. வேளைக்காரர் சோழனின் மெய்க்காவலர். ஆபத்துதவிகள் பாண்டியனின் ஆட்கள். இரண்டும் கல்கியின் கற்பனை இல்லை, கல்வெட்டுகளில் இருக்கும் பெயர்கள். அரசனுக்கு ஒன்று நடந்தால் தாங்களும் உயிரை விடுவோம் என்பதுதான் இப்படிப்பட்டவர்களின் சபதம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் இறந்தால் அவனோடு கூட இருந்தவர்கள் சிதையில் விழுந்து சாவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் நான் அவனுக்குச் சொன்னது பொலநறுவைக் கதை.

சோழரைத் துரத்தி ஆட்சியைப் பிடித்த சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு. 1055 முதல் 1110 வரை ஆண்டவன். அவனுடைய படையிலும் வேளைக்காரர் இருந்தார்கள். அவன் கன்னட நாட்டுக்கு அனுப்பிய தூதுவர்களின் மூக்கையும் காதையும் சோழர் அறுத்துவிட்டார்கள். கோபம் வந்து சோழநாட்டின்மேல் படையெடுக்கப் புறப்பட்டான். வேளைக்காரர் போகமாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். தளபதிகள் இரண்டு பேரைக் கொன்று, அரசனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று ஆண்பிள்ளைகளையும் பிடித்து, அரண்மனைக்கும் நெருப்பு வைத்தார்கள் என்கிறது சூளவம்சம். அரசன் தப்பி ஓடி, ஆள் சேர்த்துத் திரும்பி வந்து அடக்கினான். தலைவர்களை, கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கட்டிவைத்து எரித்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் "பார்த்தியோ, தமிழன் தமிழனுக்கு எதிராகப் போகமாட்டான்" என்று மேடையில் முழங்கலாம். முடியவில்லை. விஜயபாகு இறந்தபிறகு, பொலநறுவையில் புத்தரின் தந்ததாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை இதே வேளைக்காரர் ஏற்றுக்கொண்டார்கள். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று எல்லாப் பிரிவும் சேர்ந்து, தமிழில் கல்வெட்டே வெட்டி வைத்தார்கள். சிங்கள அரசு புனிதத்திலும் புனிதமாக வைத்திருந்த பொருளுக்குத் தமிழ் எழுதிய கல் காவல் நின்றது. எங்கள் பாடப்புத்தகத்திலும் சரி, அவர்களுடைய பாடப்புத்தகத்திலும் சரி, நான் படித்த காலத்தில் இதைக் கண்டதாக நினைவில்லை.

இதன் மறுபக்கத்தை நாங்களே பார்த்தோம்.

1989 யூலை 13. கொழும்பில் அமிர்தலிங்கத்தாரின் வீடு. யோகேஸ்வரனைச் சந்திக்க வந்தவர்களைச் சோதிக்க வேண்டாம் என்று காவலருக்குச் சொல்லப்பட்டிருந்தது. வந்தவர்கள் புலிகள் இயக்கத்தவர். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் செத்தார்கள். சிவசிதம்பரம் காயத்தோடு பிழைத்தார். சுட்ட மூன்று பேரையும் அங்கேயே சுட்டு வீழ்த்தியவர் நிசங்க என்ற சிங்களப் பொலிஸ்காரர்.

2006 நவம்பர் 10. அதே கொழும்பில் ரவிராஜ் எம்.பி.யை வீட்டுக்குக் கிட்ட சுட்டார்கள். அவரோடு செத்தவர் அவருடைய மெய்க்காவலர் லக்ஸ்மன் லொக்குவெல்ல. அவரும் சிங்களவர். 2016 டிசம்பரில் யூரிகள் எதிரிகள் எல்லாரையும் விடுதலை செய்தார்கள்.

ரவிராஜின் நினைவு நாளுக்கு இங்கே ரொறன்ரோவிலும் கூட்டம் வைக்கிறோம். விளக்கு ஏற்றுகிறோம். நான் போன கூட்டங்களில் லக்ஸ்மனின் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் மைக் பிடித்திருக்கிறேன். நானும் சொல்லவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. யார் சுட்டது என்று முப்பது வருடம் வாதாடத் தெரிந்த எங்களுக்கு, யார் பக்கத்தில் நின்றது என்று கேட்கத் தெரியவில்லை.

சம்பளத்துக்குத்தானே நின்றார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சரி, சம்பளம்தான். வேளைக்காரரும் சோறு வாங்கித்தான் நின்றார்கள். இந்திரா காந்தியை 1984 ஒக்ரோபர் 31 அன்று சுட்ட பியாந்த் சிங்கும் சத்வந்த் சிங்கும் கூடச் சம்பளம் வாங்கிய காவலர்கள்தான். சம்பளம் ஆளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். சூடு விழும் நேரத்தில் ஓடாமல் நிற்பதா, துவக்கைத் திருப்புவதா என்பதை அவனவன்தான் முடிவெடுக்க வேண்டும். நிசங்கவும் லக்ஸ்மனும் தங்கள் இனத்துத் தலைவர்களுக்குக் காவல் நிற்கவில்லை. காவலை ஏற்றுக்கொண்டபடியால் நின்றார்கள்.

மருமகன் கோப்பியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்ப போகட்டோ மாமா?" என்றான்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆருக்குக் காவல் நிக்கிறாய் எண்டு முதலே யோசி. பிடிக்காட்டி ஏற்காதே. ஏற்றால் பிறகு ஆள் ஆர் எண்டு பார்க்காதே" என்றேன்.

அக்கா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. அவ சொல்லுவதும் நியாயம்தான். பிள்ளையைப் பெற்றவ அவ.

வருகிற நவம்பர் 10ஆம் திகதி கூட்டத்தில் எனக்கு மைக் தந்தால், இரண்டு பெயர் சொல்லப்போகிறேன். தராவிட்டால் பின்வரிசையில் இருந்து சத்தமாகச் சொல்லுவேன்.