திரையின் கடைசி இரண்டு வரிகள்

மின்னஞ்சலின் வரலாற்றை எழுதுவோர் நெறிமுறைகளையும் அவற்றை வகுத்தோரையும் விரிவாகப் பேசுகின்றனர். அந்த வசதியை அலுவலக எழுத்தரின் கைக்குக் கொண்டுசேர்த்த பட்டியல்களுக்கு அங்கே அடிக்குறிப்பு அளவு இடம் கிடைப்பதும் அரிது. இதனைச் சிறு விடுபடலாக என்னால் கருத இயலவில்லை.

1980களில் யூனிக்ஸ் கணினிகளில் வழங்கிய பெர்க்லி மெயில் நிரலை எண்ணிப் பாருங்கள். ஆற்றலில் குறையில்லை, குணந்தான் விசித்திரமானது. திரையில் ஒற்றைக் குறி ஒன்று தோன்றும். அதற்குமேல் நிரல் வாய் திறக்காது. மேல்வரியில் நேர்ந்த எழுத்துப்பிழையைத் திருத்த, அலைக்குறியும் 'வி'யும் இட்டு வி-ஐ திருத்தியைத் திறக்க வேண்டும். (அதனுள் சென்றவர் வெளியே வந்த கதை தனி.) 'க்யூ' அழுத்தி விடைபெற்றால் படித்த கடிதங்கள் வேறொரு கோப்புக்குப் பெயர்ந்துவிடும், 'எக்ஸ்' அழுத்தினால் யாவும் முன்பிருந்தபடியே இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாதவர், தம் கடிதங்கள் தொலைந்தன என்றே எண்ணுவார். கணினியாளர்களோ இதனைப் பயனரின் அறியாமை என்றனர்.

1989இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், நிர்வாகப் பணியாளர்களுக்கு ஏற்றதோர் அஞ்சல் நிரலைத் தேடியது. டேவ் டெய்லர் எழுதிய எல்ம் கையில் இருந்தது. லாரன்ஸ் லண்ட்பிளேடு, மைக் சீபெல் முதலானோர் அதனை மாற்றத் தொடங்கி, ஈற்றில் பைன் என்னும் தனி நிரலையே ஆக்கினர். கையேடின்றிப் பயன்படுத்தத்தக்க நிரலே அவர்களது இலக்கு. ஆகவே, அவ்வேளையில் செல்லுபடியாகும் விசைகள் திரையின் அடியில் இரண்டு வரிகளில் எப்போதும் நின்றன. அனுப்புவதற்குமுன் நிரல் ஒருமுறை கேட்டுக்கொண்டது.

ஆற்றல் என்ன ஆயிற்று? ஒளித்துவைக்கப்பட்டது. ஒரு கடிதத்தை வேறொரு யூனிக்ஸ் கட்டளைக்குள் செலுத்தும் வசதி பைனில் உண்டு. அமைப்புப் பக்கத்தில் தேடிச் சென்று இயக்கினால்தான் அது விழிக்கும். இதனை நல்ல தீர்வென்றே மதிக்கிறேன். ஆயினும் அதே நிரலில், பயனர் மாற்றவியலாதபடி சில அமைப்புகளை நிர்வாகியே பூட்டிவைக்கும் தனிக்கோப்பும் இருந்தது. வாயிலைக் கட்டியவர்கள் தாழ்ப்பாளையும் சேர்த்தே கட்டினர்.

இந்தியாவில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்ந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் கிட்டியது எழுத்துமட்டும் தெரியும் ஷெல் கணக்கு. அஞ்சலுக்குப் பைன், வலைக்கு லிங்க்ஸ். நம் ஆசிரியர் தலைமுறையில் பலர் முதல் மின்னஞ்சலை அந்த இரண்டு வரிகளைப் பார்த்தே எழுதினர். படங்களோடு வலையைக் காண விரும்பிய மாணவர்களோ, ஸ்லிர்ப் போன்ற நிரல்களை ஷெல்லில் ஓட்டி அக்கணக்கின் எல்லையைத் தாண்டினர். பட்டியலால் பழகியவர்களையும் பட்டியலை மீறியவர்களையும் ஒரே வரலாற்றில் வைத்து எழுத வேண்டும் என்பதே என் வழக்கு.

பைனின் உரிமம் திருத்திய வடிவங்களைப் பரப்பத் தடையாயிருந்தமையால், 1999இல் கிறிஸ் அலெக்ரெட்டா அதன் திருத்தியான பிகோவைப் போலவே ஒன்றைப் புதிதாக எழுதினார். பின்னர் அதுவே நானோ ஆயிற்று. இன்று லினக்ஸ் கணினியில் அதனைத் திறந்து பாருங்கள்: அந்த இரண்டு வரிகள் அடியில் அப்படியே நிற்கின்றன.